முற்றத்திலே பெருங்குமிழி

நீர்க்குமிழி என்றதும் நம்மவர் நெஞ்சில் முதலில் எழும் எண்ணம் நிலையாமையே. இளமைக்கும் செல்வத்துக்கும் யாக்கைக்கும் உவமை தேடிய நம் புலவர்கள், மாரிக்காலத்து முற்றத்திலே தோன்றித் தோன்றி மறையும் குமிழியைக் கண்டு, இதனினும் பொருத்தமான உவமை வேறில்லை என்று எடுத்தாண்டனர். அவர்கள் கூறியது முற்றிலும் உண்மை. ஆயினும், குமிழி ஏன் உடைகின்றது என்று வினவியோர் பலராக, அஃது ஒரு கணமேனும் உடையாது நிற்பது எங்ஙனம் என்று வினவியோர் மிகச் சிலராகவே இருந்தனர். அச்சிலர் விடுத்த வினாவிலிருந்து ஒரு பெரும் விஞ்ஞானத் துறையே கிளைத்தெழுந்தது.

குமிழி ஊதும் விளையாட்டு நம் நாட்டுச் சிறுவருக்குப் புதியதன்று. பப்பாசி இலையின் காம்பைக் குழலாக நறுக்கிக்கொண்டு, சிரட்டையிற் கரைத்த சவர்க்கார நீரைத் தொட்டு ஊதாத சிறுவர் முன்னாளில் அரியர். சவர்க்காரம் கிடையாதவிடத்துக் காட்டாமணக்கின் பாலே அதற்கு உதவிற்று. அக்குமிழிகள் எலுமிச்சங்காய் அளவினை எட்டினாலே பெருங்களிப்பு உண்டாகும். ஆனால், ஆளுயரத்தினும் பெரிதாகிய குமிழியை நம் வீட்டு முற்றத்திலேயே உண்டாக்கலாம் என்றால் நம்புவதற்குச் சிலர் தயங்கக்கூடும். 2015ஆம் ஆண்டு யூன் 20ஆம் நாள் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், கேரி பேர்ல்மன் என்பவர் திறந்த வெளியிலே மிதக்கவிட்ட ஒரு குமிழி 96.27 கனமீற்றர் கொள்ளளவு உடையதாகக் கின்னஸ் பதிவேட்டில் இடம்பெற்றது. ஆறு மீற்றர் நீளமும் ஐந்து மீற்றர் அகலமும் மூன்று மீற்றருக்குச் சற்று மேற்பட்ட உயரமும் உடைய ஒரு வகுப்பறையின் கொள்ளளவு அது. ஒரு வகுப்பறை முழுவதையும் கொள்ளும் குமிழி!

அத்தகைய சாதனை நமக்கு வேண்டியதில்லை. இரண்டு தடிகள், சிறிது பருத்திக் கயிறு, அடுக்களையில் உள்ள சில பொருள்கள், ஒரு மாலைப்பொழுது ஆகிய இவை இருந்தாற் போதும்; நம் பிள்ளைகள் ஒரு மீற்றர், இரண்டு மீற்றர் அளவுடைய குமிழிகளை உண்டாக்கி மகிழலாம். அதனைச் செய்யும் முறையைக் கூறுமுன், அதனுள் ஒளிந்துகிடக்கும் சில உண்மைகளை முதற்கண் ஆராய்வோம்.

நீர் மட்டும் போதாதா?

உயர்தர வகுப்பிலே பரப்பிழுவிசைக்கு வரைவிலக்கணம் கேட்டால், ஒரு சொல்லும் பிழையாது எழுதும் மாணவர் பலர் உளர். அவர்களை நோக்கி, "நீரிலே சவர்க்காரத்தைக் கரைத்தால் அவ்விழுவிசை கூடுமா, குறையுமா?" என்று வினவுவோமாயின், "கூடும். அதனாலன்றோ குமிழி உண்டாகின்றது!" என்று விடை பகர்வோரே பெரும்பாலர். வரைவிலக்கணம் நாவில் இருக்கின்றது. பொருளோ கைக்கு எட்டவில்லை. உண்மை இதற்கு நேர்மாறானது.

நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று கவர்ந்து இழுத்தவண்ணம் இருக்கின்றன. உள்ளே இருக்கும் மூலக்கூறு எல்லாத் திசைகளிலும் ஒரேயளவாய் இழுக்கப்படுகின்றது. மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுக்கோ மேலேயிருந்து இழுப்பார் இல்லை. அஃது உள்நோக்கியும் பக்கங்களை நோக்கியுமே இழுக்கப்படுகின்றது. அதனால் நீரின் மேற்பரப்பு, இழுத்துக் கட்டிய தோல் போன்று, இயன்றவரை சுருங்கவே முயல்கின்றது. சேம்பிலையில் விழுந்த மழைத்துளி முத்துப்போல உருள்வதும், குளத்து நீரின்மேற் சிறு பூச்சிகள் கால் நனையாது ஓடித்திரிவதும் இதனாலேயே.

தூய நீரில் இவ்விழுவிசை மிகுதியாக இருப்பதே குமிழிக்குப் பகையாகின்றது. நீரை மெல்லிய படலமாக விரித்தால், அப்படலம் தன்னைத்தானே இழுத்துக் கிழித்துக்கொண்டு துளிகளாகிவிடுகின்றது. சவர்க்காரத்தைச் சேர்த்தவுடன் அவ்விழுவிசை ஏறக்குறைய மூன்றிலொரு பங்காகக் குறைந்துவிடுகின்றது. சவர்க்கார மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை நீரை வெறுக்கும். ஆதலால் அவை தலையை நீருக்குள்ளும் வாலை வெளியேயும் வைத்தபடி மேற்பரப்பில் நெருங்கி நிற்கின்றன. குமிழியின் சுவரை நுணுகி நோக்கினால், வெளிப்புறத்தில் ஒன்றும் உட்புறத்தில் ஒன்றுமாக இரண்டு சவர்க்கார வரிசைகளும், அவற்றிற்கு இடையில், இரு வரம்புகளுக்கு நடுவே தேங்கிய வாய்க்கால் நீர் போன்று, மெல்லிய நீர்ப்படையும் இருப்பதைக் காணலாம்.

இழுவிசை குறைவது மட்டுமே காரணமன்று. படலத்தின் ஓரிடம் காற்றினால் இழுபட்டு மெலிகின்றது என்று வைத்துக்கொள்வோம். அவ்விடத்தே சவர்க்கார மூலக்கூறுகள் ஐதாகின்றன. உடனே அங்கு இழுவிசை கூடுகின்றது. கூடிய இழுவிசை அயலிலுள்ள திரவத்தைத் தன்பால் இழுத்து, மெலிந்த இடத்தை மீண்டும் தடிப்பாக்குகின்றது. நலிந்தவனுக்கு அயலார் ஓடிவந்து தோள் கொடுப்பது போன்றது இது. இவ்வியல்பினைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆராய்ந்த இத்தாலியப் பௌதிகவியலாளர் காலோ மரங்கோனியின் பெயராலேயே இன்றும் இது வழங்கப்படுகின்றது. குமிழி நிற்பதன் இரகசியம் அதன் வலிமையில் இல்லை. தன் மெலிவைத் தானே உணர்ந்து திருத்திக்கொள்ளும் ஆற்றலிலேயே உள்ளது.

ஒரு தேக்கரண்டித் திரவம்

ஒரு மீற்றர் விட்டமுடைய குமிழியை ஆக்க எவ்வளவு திரவம் தேவை? மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். கோளத்தின் பரப்பளவு ஏறக்குறைய 3.14 சதுரமீற்றர். படலத்தின் தடிப்பை ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கெனக் கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் வருவது மூன்று மில்லிலீற்றருக்குச் சற்று அதிகம். ஒரு தேக்கரண்டியும் நிரம்பாத அளவு! அதனுள் அடங்கும் காற்றின் நிறையோ ஏறக்குறைய 600 கிராம். மூன்று கிராம் திரவம் அறுநூறு கிராம் காற்றைச் சுற்றி வளைத்து நிற்கின்றது.

இன்னுமொரு வியப்பு உண்டு. சிறிய குமிழியின் உள்ளே அமுக்கம் அதிகம். பெரிய குமிழியின் உள்ளே அமுக்கம் குறைவு. இரண்டு சதமமீற்றர் விட்டமுடைய குமிழியினுள், வெளிக்காற்றினும் கூடுதலாக உள்ள அமுக்கம் ஒரு மில்லிமீற்றர் உயர நீரின் அமுக்கத்துக்குச் சமம். ஒரு மீற்றர் விட்டமுடையதில் அஃது அதன் ஐம்பதிலொரு பங்கே. ஆதலால் பெருங்குமிழியை வாயால் ஊதி உண்டாக்க வேண்டுவதில்லை. மெல்லிய தென்றலே போதும். ஒரு குழாயின் இரு முனைகளிலும் சிறிதும் பெரிதுமாக இரண்டு குமிழிகளை அமைத்து இணைத்துவிட்டால், பெரியது சிறியதற்குக் காற்றைக் கொடுக்கும் என்றே எவரும் எண்ணுவர். நிகழ்வது அதன் மறுதலை. சிறியது சுருங்கிச் சுருங்கித் தன் காற்று முழுவதையும் பெரியதற்கு ஈந்து மறைகின்றது. உலகியலிலும் இவ்வாறு நிகழ்வதுண்டு என்பர் சிலர். அவ்வாராய்ச்சி நமக்கு இங்கு வேண்டா.

நிறம் எங்கிருந்து வந்தது?

சவர்க்கார நீருக்கு நிறமில்லை, காற்றுக்கும் நிறமில்லை. இவை இரண்டும் சேர்ந்த குமிழியின்மேல் மயிற்றோகை விரித்தாற்போலப் பச்சையும் நீலமும் செம்மையும் ஓடுகின்றன. இதனை ஆராய்ந்தவர்களுள் ரொபேட் ஹூக்கும் ஐசாக் நியூற்றனும் முதன்மையானோர். 1704ஆம் ஆண்டு வெளியான தமது ஒளியியல் நூலிலே, காற்று அசையாதவாறு கண்ணாடியால் மூடிவைத்த குமிழியில் நிற வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிச் செல்வதையும், இறுதியில் அதன் உச்சியில் ஒரு கரும்புள்ளி தோன்றுவதையும் நியூற்றன் விவரித்துள்ளார். இதற்குரிய விளக்கத்தினைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோமஸ் யங் என்னும் ஆங்கில அறிஞர் அளித்தார்.

படலத்தின் வெளிமுகத்தில் ஒளியின் ஒரு பகுதி தெறிக்கின்றது. உள்முகத்தில் மற்றொரு பகுதி தெறிக்கின்றது. இவ்விரு அலைகளும் ஒன்றுசேரும்போது, சில நிறங்கள் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. வேறு சில ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. இதுவே ஒளியலைகளின் தலையீடு எனப்படுவது. எந்த நிறம் எஞ்சும் என்பதைத் தீர்மானிப்பது படலத்தின் தடிப்பே. ஆகவே, குமிழியின் நிறங்கள் வெறும் அழகன்று. மயிரிழையினும் எத்தனையோ மடங்கு மெல்லிய படலத்தை அளக்கும் அளவுகோல் அவை. திரவம் கீழே வடிய வடிய மேற்பகுதி மெலிந்து, ஈற்றில் ஒளியின் அலைநீளத்தினும் மிகச் சிறியதாகும்போது, தெறித்த அலைகள் யாவும் அழிந்து கருமை தோன்றுகின்றது. கருமை கண்டதும், 'குமிழி உடையும் நேரம் அண்மிவிட்டது' என்று பிள்ளைகள் முன்னறிந்து கூறலாம்.

கண்ணிழந்தவரும் கல்லூரி காணாதவரும்

குமிழியை வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டவருள் பெல்ஜிய நாட்டு ஜோசப் பிளத்தோ என்பவரை நாம் மறத்தலாகாது. 1801ஆம் ஆண்டு பிறசல்ஸ் நகரிற் பிறந்து, கெந்துப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியராக விளங்கிய இவர், நாற்பது வயதைக் கடந்த சில ஆண்டுகளுக்குள் கண்பார்வையை முற்றாக இழந்தார். அதன் பின்னரே அவரது பெரும்பணி நிறைவுற்றது. கம்பிச் சட்டங்களைச் சவர்க்காரக் கரைசலில் அமிழ்த்தி எடுக்கும் வேலையை உறவினரும் உதவியாளரும் செய்தனர். கண்டதை அவர்கள் சொல்ல, அவர் மனக்கண்ணால் நோக்கி விதிகளை வகுத்தார். படலங்கள் சந்திக்கும்போது எப்பொழுதும் மூன்று மூன்றாகவே, ஒன்றுக்கொன்று 120 பாகைக் கோணத்திற் சந்திக்கின்றன என்பது அவர் கண்ட விதிகளுள் ஒன்று. அவரது ஆராய்ச்சி நூல் 1873ஆம் ஆண்டு வெளிவந்தது. அவர் கூறிய விதிகளுக்குக் கணிதமுறையான நிறுவல் 1976ஆம் ஆண்டிலேதான் ஜீன் ரெயிலர் என்னும் அமெரிக்கக் கணித அறிஞரால் அளிக்கப்பட்டது. கண்ணில்லாதவர் கண்டதைக் கணிதவுலகம் நிறுவ நூறாண்டுக்கு மேற் சென்றது!

மற்றவர் அக்னெஸ் பொக்கெல்ஸ் என்னும் ஜேர்மானியப் பெண்மணி. 1862இற் பிறந்த இவருக்குப் பௌதிகவியலில் அடங்கா ஆர்வம். ஆயினும் அக்காலத்தில் அந்நாட்டுப் பல்கலைக்கழகக் கதவுகள் பெண்களுக்கு மூடப்பட்டிருந்தன. நோயுற்ற பெற்றோரைப் பேணி, சமைத்து, பாத்திரம் கழுவி வீட்டோடு வாழ்ந்தவர், அப்பாத்திரம் கழுவும் நீரிலேயே தம் ஆய்வுகூடத்தைக் கண்டார். எண்ணெயும் சவர்க்காரமும் நீர்ப்பரப்பின் இழுவிசையை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை அளப்பதற்கு, ஒரு தகரத் தொட்டியையும் சிறு தராசையும் கொண்டு தாமே கருவி ஒன்றை ஆக்கினார். பல்கலைக்கழகத்திற் பயின்ற தம்பியின் பாடநூல்களே அவருக்குத் துணை. 1891ஆம் ஆண்டு சனவரியில் இங்கிலாந்தின் பெரும் பௌதிக அறிஞராகிய இறேலிப் பிரபுவுக்குத் தம் முடிவுகளை ஒரு கடிதமாக வரைந்தனுப்பினார். அப்பெருமகன் அதனை அலட்சியம் செய்யாது, அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலேயே 'நேச்சர்' என்னும் விஞ்ஞான இதழில் வெளிவரச் செய்தார். அப்பெண்மணி அமைத்த தொட்டியின் வழிவந்த கருவிகளைக் கொண்டு மேற்பரப்பு இரசாயனத்தை வளர்த்த இர்விங் லாங்மியூர் 1932இல் நோபல் பரிசு பெற்றார். அடுக்களையில் நிற்கும் நம் பெண்மக்களுக்கு இவ்வரலாற்றைக் கூறுவது நம் கடன்.

பெருங்குமிழிக்கு என்ன வேண்டும்?

வெறும் சவர்க்கார நீரினால் ஓரளவுக்கு மேற் பெரிய குமிழியை ஆக்க இயலாது. படலம் விரைவாக விரியும்போது அறுந்துவிடும். அதனை அறாமல் இழைபோல நீளச் செய்வதற்கு, நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளை உடைய பல்பகுதியம் ஒன்று கரைசலிற் சேர வேண்டும். தெருக்களிலே வித்தை காட்டுவோர் இதனைத் தம் அனுபவத்தால் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அமெரிக்காவின் எமறிப் பல்கலைக்கழகப் பௌதிகவியலாளர் ஜஸ்ரின் பேட்டன், பார்சலோனா நகருக்குச் சென்றிருந்தபோது, தெருவிலே ஒருவர் இத்தகைய பெருங்குமிழிகளை விடுவதைக் கண்டு வியந்தார். அவ்வியப்பு அவரை ஆய்வுகூடத்துக்கு இழுத்துச் சென்றது. அவரும் அவர்தம் மாணவரும் செய்த ஆராய்ச்சி 2020ஆம் ஆண்டு வெளியாயிற்று. நீளமான மூலக்கூறுகள் மட்டும் இருப்பதிலும், நீண்டனவும் குறுகியனவுமாகப் பல அளவினவும் கலந்திருக்கும் கரைசலே வலிய படலத்தைத் தருகின்றது என்பது அவர்கள் கண்ட முடிபு. நெடிய நாரும் குறுகிய நாரும் கலந்து முறுக்கிய கயிறு போன்றது அது என்று நாம் விளங்கிக்கொள்ளலாம்.

அவர்கள் பரிந்துரைத்த எளிய பொருள் 'குவார்' என்னும் பிசின்தூள். இது வேறொன்றுமன்று; நாம் கறி சமைக்கும் கொத்தவரங்காயின் விதையிலிருந்து பெறப்படுவதே. இராசத்தானத்து வறண்ட நிலங்களில் இது பெருவாரியாகப் பயிராகின்றது. ஐஸ்கிறீம் முதலியவற்றைத் தடிப்பாக்கவும் இது பயன்படுவதால், கேக் செய்யும் பொருள்களை விற்கும் கடைகளில் விசாரித்துப் பெறலாம்.

செய்முறை

நீர் ஒரு லீற்றர். பாத்திரம் கழுவும் திரவம் 50 மில்லிலீற்றர், அஃதாவது மூன்று மேசைக்கரண்டிக்குச் சற்று அதிகம். குவார்த் தூள் இரண்டு முதல் மூன்று கிராம், அஃதாவது தட்டையாக ஒரு தேக்கரண்டி. பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி. இவை அவ்வாய்வாளர் கூறிய அளவுகள். தூள் கட்டிபடாமல் இருப்பதற்கு அவர்கள் 50 மில்லிலீற்றர் மதுசாரத்தில் அதனைக் குழைத்தனர். மதுசாரம் எளிதில் தீப்பற்றுவது ஆதலின், பிள்ளைகள் உள்ள வீட்டில் இரண்டு மேசைக்கரண்டி கிளிசரினிற் குழைப்பதே நன்று. கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தைப் பற்றிக்கொள்வதால், படலம் விரைவில் உலர்ந்துபோகாமலும் காக்கும்.

குழைத்த தூளை நீரிற் சிறிது சிறிதாகச் சேர்த்து, பத்து நிமிடம் மெல்லக் கலக்குக. பின்னர்ச் சற்று நேரம் ஆறவிட்டு மீண்டும் கலக்கினால், நீர் சிறிது தடித்திருப்பதைக் காணலாம். அதன்பின் பேக்கிங் பவுடரைச் சேர்க்க. இறுதியாகவே பாத்திரம் கழுவும் திரவத்தை ஊற்றி, நுரை எழாதவாறு கலக்குக. நுரை பெருங்குமிழிக்குப் பகை. மேலே திரண்ட நுரையைக் கரண்டியால் அகற்றிவிடுக. முதல்நாள் இரவே கரைசலை ஆக்கி மூடிவைத்தால், மறுநாள் நுரை அடங்கித் தெளிந்திருக்கும்.

குவார்த் தூள் கிடையாதவர்கள் சோளமாவினைப் பயன்படுத்தலாம். ஏறக்குறைய ஒன்றரை லீற்றர் நீரில் அரைக் கோப்பைச் சோளமாவைக் கரைத்து, அரைக் கோப்பைப் பாத்திரத் திரவம், ஒரு மேசைக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு மேசைக்கரண்டி கிளிசரின் ஆகியவற்றைச் சேர்த்துக் கொள்க. மா அடியில் தங்கிவிடும் ஆதலால், ஒவ்வொரு முறையும் கலக்கியபின்னரே தோய்க்க வேண்டும்.

இங்கே நீரைப்பற்றி ஒரு சொல். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்றுநீர் சுண்ணக்கல்லினூடே ஊறி வருவது. கல்சிய உப்புகள் மிகுந்த வன்னீர். கட்டிச் சவர்க்காரத்தை அதிற் கரைத்தால், சவர்க்காரத்தின் ஒரு பகுதி கல்சியத்தோடு கூடித் தயிர்போன்ற கழிவாகிவிடும். நுரை எளிதில் எழாது. பாத்திரம் கழுவும் திரவத்தை வன்னீர் அவ்வளவாகத் தாக்குவதில்லை. ஆயினும், கூரையிலிருந்து தூய பாத்திரத்திற் பிடித்த மழைநீரே மிகச் சிறந்தது.

இனிக் கருவி. மூன்றடி நீளமுள்ள இரண்டு வழுவழுப்பான தடிகளை எடுத்துக்கொள்க. பழைய தும்புத்தடியின் பிடியும் உதவும். தடிகளின் நுனிகளை இரண்டடி நீளமுள்ள பருத்திக் கயிற்றால் இணைக்க. அதே நுனிகளில் நான்கடி நீளமுள்ள இன்னொரு கயிற்றைக் கட்டினால், அது கீழே தொங்கி முக்கோண வடிவாகும். அதன் நடுவில் சிறு பாரமாக ஓர் இரும்பு வளையத்தைக் கோத்துவிடுக. நைலோன் கயிறு திரவத்தை உறிஞ்சாது. விளக்குத்திரிபோன்ற பருத்தி நூலோ, பழைய வேட்டியைக் கிழித்து முறுக்கிய கயிறோ ஏற்றது. கயிறு குடித்துவைத்திருக்கும் திரவமே குமிழி வளர்வதற்குரிய களஞ்சியம்.

தடிகளைச் சேர்த்துப் பிடித்து, கயிறு முழுதும் ஊறும்வரை அகன்ற வாளியிலே தோய்த்து, மெல்ல உயர்த்துக. காற்று முதுகுப்புறமாக வருமாறு நின்று, தடிகளை நிதானமாக விரிக்க. முக்கோணத்தில் படலம் பளபளக்கும். அவ்வாறே இரண்டொரு அடி பின்வாங்கி நடந்தால், படலம் முன்னோக்கிப் புடைத்துப் பாய்மரம்போல விம்மும். போதிய அளவு வளர்ந்ததும் தடிநுனிகளை ஒன்றுசேர்க்க. குமிழி வாய்மூடிக் கழன்று மிதக்கும். பதற்றம் கூடாது. கையைச் சட்டென அசைப்பவரிடம் குமிழி தங்காது.

காலமும் காற்றும் அறிந்து செய்தல் வேண்டும். நண்பகல் வெயிலிலே படலம் உலர்ந்து உடைந்துவிடும். அதிகாலையும், மழை பெய்து ஓய்ந்த மாலையும் உகந்தவை. காற்றிலுள்ள ஈரம் குமிழியின் ஆயுளை நீட்டும். பூவரசிலை மெல்ல அசையும் அளவுக்குக் காற்று இருந்தாற் போதும். பட்டம் ஏற்றத் தகுந்த காற்று குமிழிக்குத் தகாது. சோளகம் வீசும் மாதங்களில் வீட்டின் மறைவான பக்கத்தைத் தேர்ந்துகொள்க.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

கரைசல் கண்ணிற் பட்டால் எரிவு உண்டாகும். உடனே தூய நீரால் நன்கு கழுவ வேண்டும். சீமெந்துத் தரையிற் சிந்தினால் வழுக்கும். ஆதலால் புற்றரையோ மணல் முற்றமோ சிறந்தது. சிறு குழந்தைகள் கரைசலைக் குடித்துவிடாதவாறு, ஆழமான வாளியை அவர்களருகே தனியே விடாதவாறும் பார்த்துக்கொள்க. வீதியோரத்தில் இவ்விளையாட்டு வேண்டா. குமிழியைத் துரத்தும் பிள்ளைகள் வாகனத்தைக் காணார். எஞ்சிய கரைசலைக் கிணற்றடியில் ஊற்றலாகாது. குடாநாட்டின் சுண்ணக்கல் நிலம் மேலே ஊற்றியதை விரைவில் நிலத்தடி நீரோடு சேர்த்துவிடும். நாம் குடிப்பதும் அந்நீரையே.

சில சோதனைகள்

மாணவர்களே, விளையாடி மகிழ்ந்தபின் ஒரு குறிப்புப் புத்தகத்தைக் கையில் எடுங்கள். குவார்த் தூள் சேர்த்த கரைசலையும் சேர்க்காத கரைசலையும் அருகருகே வைத்து, ஒவ்வொன்றிலும் பத்துக் குமிழிகளை உண்டாக்கி, அவை நின்ற நேரத்தைச் செக்கன்களிற் குறித்துச் சராசரி காணுங்கள். அவ்வாறே கிணற்றுநீரையும் மழைநீரையும், காலையையும் நண்பகலையும் ஒப்பிடுங்கள். ஒரு முறையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றினால், விளைவு எதனால் வந்ததென்று எவராலும் கூறவியலாது. உலர்ந்த விரலால் ஒரு குமிழியைத் தொடுங்கள், உடையும். கரைசலில் நனைத்த கையை அதே குமிழிக்குள் நுழையுங்கள்; அஃது உங்கள் மணிக்கட்டை அணைத்துக்கொண்டு நிற்கும். ஏன் என்று சிந்தியுங்கள்.

மெல்லிய கம்பியால் ஒரு கனவுருச் சட்டம் செய்து கரைசலில் அமிழ்த்தி எடுங்கள். ஆறு முகங்களிலும் படலம் மூடும் என்று எதிர்பார்ப்பீர்கள். அதற்கு மாறாகப் படலங்கள் யாவும் நடுவை நோக்கிச் சென்று, அங்கே ஒரு சிறு சதுரத்தில் இணைவதைக் காண்பீர்கள். மிகக் குறைந்த பரப்பினைத் தேடிக் கண்டறியும் அவ்வியல்பையே துணைகொண்டு, ஜேர்மனியக் கட்டடக் கலைஞர் பிறை ஒற்றோ கூரை வடிவங்களை ஆராய்ந்தார். அவர் பங்குகொண்டு அமைத்த மியூனிச் நகர விளையாட்டரங்கின் கூரை 1972ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவில் உலகின் கண்ணைக் கவர்ந்தது.

குமிழியின் ஆயுளை நீட்டுவதிலும் மனிதன் சளைக்கவில்லை. நுண்ணிய பிளாத்திக்குத் துணிக்கைகளும் கிளிசரினும் கலந்த நீரினால் பிரெஞ்சு ஆய்வாளர் ஆக்கிய ஒரு சிறு குமிழி 465 நாள்கள் உடையாது நின்றது என 2022ஆம் ஆண்டு அறிவித்தனர். ஓராண்டுக்கும் மேற்பட்ட ஆயுள்! பண்டைப் புலவர் இதனைக் கேட்டிருந்தால் வேறு உவமை தேடியிருப்பரோ என்னவோ. ஆயினும் 465ஆம் நாளின் பின் அதுவும் உடைந்தது. ஆகவே அவர்தம் உவமை இன்னும் பழுதுபடவில்லை.

பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். வாரத்தின் ஆறு நாளும் பாடசாலையும் தனியார் வகுப்புமாக ஓடித் திரியும் பிள்ளைகளுக்கு, ஏழாம் நாளும் வகுப்பே என்றாகிவிட்ட இல்லங்கள் பல. அவர்கள் பெறும் புள்ளிகளை நாம் எண்ணிப் பார்க்கின்றோம்; அவர்கள் தாமாக எழுப்பும் வினாக்களை எண்ணுவார் இல்லை. பொக்கெல்ஸ் அம்மையார்க்கு வகுப்பறை மறுக்கப்பட்டது. ஆனால் பாத்திரத்து நீரை உற்றுநோக்க நேரம் கிடைத்தது. நம் பிள்ளைகளுக்கு வகுப்பறை உண்டு. உற்றுநோக்க நேரம் உண்டா? ஒரு ஞாயிறு மாலையை அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். செலவு சில நூறு ரூபாய்க்கு மேற் போகாது. நீங்களும் உடனிருந்து ஒரு தடியைப் பிடியுங்கள். முதற் சில முயற்சிகள் கயிற்றிலேயே உடைந்துவிடும்; அதனாற் சோர்வடைய வேண்டா. நாலாவதோ ஐந்தாவதோ கழன்று, வேலிக்கு மேலாக மிதந்து அயல்வீட்டு மாமரத்தை நோக்கிச் செல்லும்போது, "அஃது ஏன் உடையவில்லை?" என்று பிள்ளை கேட்கும். விடையை உடனே கூறிவிடாது, அதனையே சற்றுச் சிந்திக்க விடுங்கள்.